பக்கத்து வட்டாரங்களுக்கு ஒரே இணையக் குழுவா, தனித்தனிக் குழுக்களா?

அருகருகே இரண்டு வட்டாரங்கள். இரண்டிலும் ஒரே ஆர்வம் கொண்டவர்கள் இருக்கிறார்கள்: தோட்டம் போடுபவர்கள், மிதிவண்டி ஓட்டுபவர்கள், பழைய புத்தகம் சேர்ப்பவர்கள், யாரானாலும் சரி. எல்லோரும் ஒரே குழுவில் இருப்பதா, வட்டாரத்துக்கு ஒரு குழு வைத்துக்கொள்வதா என்ற கேள்வி என்றாவது ஒரு நாள் எழத்தான் செய்யும். எழுந்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. ஒரு சாரார் ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறார்கள். இன்னொரு சாரார் நமக்கென்று ஓர் இடம் வேண்டும் என்கிறார்கள். இரண்டு உணர்வும் உண்மையானவைதான். ஆனால் ஒரு குழு தழைப்பதும் வாடுவதும் அந்த உணர்வுகளால் அல்ல. கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது, அந்தப் பதிலைப் பார்ப்பதற்குள் தனக்குச் சம்பந்தமில்லாத எத்தனை செய்திகளை ஒருவர் தள்ளிவிட வேண்டியிருக்கிறது என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன.

இந்தக் கட்டுரையில் ‘குழு’ என்றால் வாட்ஸ்அப், டெலிகிராம் குழு முதல் டிஸ்கார்ட் சர்வர் வரை, மக்கள் சேர்ந்து பேசும் எந்த இணைய இடமும்தான். கருவி மாறினாலும் கணக்கு மாறுவதில்லை.

ஒரு பேருந்துத் தடம்

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர்கள். நாளுக்கு எட்டு நடை பேருந்து விட வசதி இருக்கிறது. எட்டு நடையும் இரண்டு ஊரையும் சுற்றிப் போகும்படி விட்டால் அடிக்கடி பேருந்து கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு பயணியும் தனக்கு வேண்டாத ஊரையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஊருக்கு நான்கு நடை என்று நேர்வழியில் விட்டால் பயண நேரம் குறையும், காத்திருப்பு இரட்டிப்பாகும். காத்திருப்பு ஓர் அளவைத் தாண்டினால் மக்கள் வேறு வழி தேடிக்கொள்வார்கள். ஆட்கள் குறைந்தால் நடையைக் குறைப்பார்கள். நடை குறைந்தால் ஆட்கள் இன்னும் குறைவார்கள்.

இணையக் குழுவில் பதிலுக்கு ஆகும் நேரம்தான் அந்தக் காத்திருப்பு. சம்பந்தமில்லாத செய்திகள்தான் அந்தச் சுற்றுவழி. குழுக்களைச் சேர்த்தால் காத்திருப்பு குறைந்து சுற்றுவழி கூடும், பிரித்தால் சுற்றுவழி குறைந்து காத்திருப்பு கூடும். எந்தப் பக்கம் நட்டம் அதிகம் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

உறுப்பினர் எண்ணிக்கை ஏமாற்றும்

‘எங்கள் பக்கம் 150 பேர் இருக்கிறோம், தனியாக நடத்திக்கொள்ள முடியாதா?’ என்று கேட்பது இயல்பு. முடியாமல் போவதற்குக் காரணம், அந்த 150 பேரில் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை. இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் இதற்கு ஒரு தோராய விகிதம் சொன்னார்: 100 பேரில் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் பெரும்பகுதியை எழுதுவார். இதற்குப் பங்கேற்பு ஏற்றத்தாழ்வு என்று பெயர். சின்னக் குழுக்களில், முகம் தெரிந்தவர்களிடையே, விகிதம் இதைவிட நன்றாக இருக்கலாம். இருந்தாலும் உறுப்பினர் பட்டியலை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு விகிதமே போதும்.

ஒரு கணக்கு பார்ப்போம். பெரிய வட்டாரத்தில் 600 பேர், சின்ன வட்டாரத்தில் 150 பேர். பத்தில் ஒருவர் எழுதுபவர் என்று கொண்டால் அங்கே 60 பேர், இங்கே 15 பேர். ஒரு கேள்வி வரும்போது, எழுதும் ஒருவர் அதைப் பார்த்து, பதிலும் தெரிந்து, நேரம் ஒதுக்கி எழுதுவதற்கான வாய்ப்பு 50-இல் 1 என்று வைப்போம். அப்படியானால் ஒரு கேள்விக்கு ஒரு பதிலாவது கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு?

- இருவரும் ஒன்றாக இருந்தால் (75 பேர்): ஏறத்தாழ 78 விழுக்காடு
- பெரிய வட்டாரம் தனியாக (60 பேர்): ஏறத்தாழ 70 விழுக்காடு
- சின்ன வட்டாரம் தனியாக (15 பேர்): ஏறத்தாழ 26 விழுக்காடு

பிரிவதால் பெரிய வட்டாரத்துக்கு 78 என்பது 70 ஆகிறது, அவ்வளவுதான். அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. சின்ன வட்டாரத்துக்கோ 78 என்பது 26 ஆகிறது. நான்கு கேள்விகளில் மூன்றுக்குப் பதிலே வராத இடத்தில் யாரும் ஐந்தாவது கேள்வியைக் கேட்க மாட்டார்கள். இப்படிப் பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கை கெடாமல் இருக்கத் தேவையான, எழுதுபவர்களின் குறைந்தபட்ச எண்ணிக்கையை நிலைநிற்கும் அளவு என்று சொல்லலாம். பிரிவினை பற்றிய பேச்சு பெரும்பாலும் சின்ன வட்டாரத்திலிருந்துதான் கிளம்புகிறது. இழப்பு பெரும்பாலும் அவர்கள் பக்கம்தான் விழுகிறது. அதனால்தான் இந்தக் கணக்கை அவசரப்படாமல் போட வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

ஆனால் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. கேள்வி எந்த இடத்துக்கும் பொதுவானதாக இருந்தால்தான் 75 பேரும் பதில் சொல்ல முடியும். ‘மிதிவண்டிச் சங்கிலி அடிக்கடி கழல்கிறது, ஏன்?’ என்பதற்கு யாரும் பதில் சொல்லலாம். ‘ஆற்றோரப் பாதையில் வேலை முடிந்துவிட்டதா?’ என்பதற்கு அந்தப் பக்கத்து 15 பேர்தான் சொல்ல முடியும். சேர்ந்திருந்தாலும் 26 விழுக்காடு, பிரிந்திருந்தாலும் அதே 26. முதல் வகையை இடம்சாராக் கேள்வி என்றும், இரண்டாவதை இடம்சார் கேள்வி என்றும் அழைப்போம்.

சுருக்கமாகச் சொன்னால், இடம்சாராக் கேள்விகளைப் பிரித்தால் சின்ன பக்கம் பெரிதும் இழக்கும். இடம்சார் கேள்விகளைப் பிரித்தால் யாருக்கும் இழப்பில்லை. ஒரே குழுவுக்குள் இந்த இரண்டும் கலந்தே ஓடுவதுதான் குழப்பத்தின் வேர்.

வலையமைப்பு விதி சொல்வது பாதிதான்

சேர்ந்தே இருக்க வேண்டும் என்பவர்கள் கணினி வலையமைப்புப் பொறியாளர் ராபர்ட் மெட்காஃப் பெயரால் வழங்கும் விதியை எடுத்துக்காட்டுவதுண்டு. ஒரு வலையமைப்பின் மதிப்பு, அதிலுள்ளவர்களிடையே சாத்தியமான இணைப்புகளின் எண்ணிக்கையோடு வளர்கிறது என்பது அது. நம் கணக்கில் 600 பேரும் 150 பேரும் பிரிந்தால், அங்கே ஒருவர் இங்கே ஒருவர் என்ற கணக்கில் (600 × 150) 90,000 இணைப்புகள் அறுபடும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அவை சாத்தியமான இணைப்புகள்தான், நடப்பவை அல்ல. அந்த 90,000 இணைப்புகளில் ஒரு பேச்சுக்கூட நடந்ததில்லை என்றால் அறுந்தது எதுவும் இல்லை.

சத்தமில்லாமல் போகிறவர்கள்

இப்போது மறுபக்கம். ஒன்றுபட்ட குழுவில் நாளுக்கு 50 செய்திகள், அவற்றில் 40 பெரிய வட்டாரத்தின் உள்ளூர் விஷயங்கள் என்று வைப்போம். சின்ன வட்டாரத்துக்காரர் ஐந்தில் ஒரு செய்திக்காக மற்ற நான்கையும் கடந்து போக வேண்டும். முதல் வாரம் பொறுத்துக்கொள்வார். பிறகு அறிவிப்பொலியை நிறுத்துவார். அதன்பின் வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். வெளியேறவே மாட்டார். உறுப்பினர் எண்ணிக்கை குறையாததால் நடத்துபவர்களுக்கு எதுவும் தெரியாது.

இதன் விளைவு அடுத்த கட்டத்தில்தான் தெரியும். சின்ன வட்டாரத்தின் 15 பேரில் 8 பேர் அறிவிப்பை நிறுத்தியிருந்தால், அவர்களது இடம்சார் கேள்விக்குப் பதில் சொல்ல மிஞ்சியவர்கள் 7 பேர். 26 விழுக்காடாக இருந்தது 13 விழுக்காடு ஆகிறது. சேர்ந்திருப்பதாலேயே சின்ன பக்கம் தேய்வது இப்படித்தான்.

எல்லாச் செய்தியும் ஒரே அளவு தொல்லை தருவதில்லை. பழைய பொருள் விற்பனை, காணாமல் போன பொருள், போக்குவரத்து நிலவரம், சந்திப்பு அழைப்பு ஆகிய நான்கும் தூரத்தில் இருப்பவருக்கு முற்றிலும் பயனற்றவை. எண்ணிக்கையிலும் இவையே அதிகம் வரும். இந்த நான்கை மட்டும் தனியே ஒதுக்கினாலே பல குழுக்களில் பிரிவினைப் பேச்சு அடங்கிவிடும்.

பிரிப்பதற்கு முன் நான்கு அடுக்குகள்

சேர்ந்தா, தனியா என்று இரண்டே விடைகள் இருப்பதாக நினைப்பதுதான் இந்த விவாதத்தின் பெரிய தவறு. ஒரு குழு என்பது நான்கு அடுக்குகள்: யார் உள்ளே இருக்கிறார்கள் (உறுப்பினர்), செய்திகள் எந்தெந்த ஓடைகளில் போகின்றன (உரையாடல்), யார் ஒழுங்கு காக்கிறார்கள் (மட்டுறுத்தல், அதாவது அட்மின்கள் செய்யும் வேலை), பழைய பதில்கள் எங்கே தேடினால் கிடைக்கும் (காப்பகம்). ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சேர்க்கலாம், பிரிக்கலாம்.

எங்கள் கருத்தில், பெரும்பாலான அண்டை வட்டாரங்களுக்குப் பொருந்துவது இதுதான்: உறுப்பினரும் மட்டுறுத்தலும் காப்பகமும் ஒன்றாக இருக்கட்டும், இடம்சார் உரையாடலை மட்டும் பிரித்துவிடலாம். டெலிகிராமில் ஒரே குழுவுக்குள் ‘டாபிக்’ என்ற தனித்தனி ஓடைகளை 2022 நவம்பர் முதல் வைக்க முடிகிறது. குழுவில் 2 லட்சம் பேர் வரை இருக்கலாம். வாட்ஸ்அப்பில் ஒரு குழுவின் உச்சவரம்பு 1,024 பேர். ‘கம்யூனிட்டி’ என்ற அமைப்பின் கீழ் பல குழுக்களைக் கட்டி, மேலே எல்லோருக்கும் ஓர் அறிவிப்புக் குழு வைக்கலாம். அந்த அறிவிப்புக் குழுவில் அட்மின்கள் மட்டுமே அறிவிப்பு இட முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது. பொதுக் கேள்விகளுக்கு அடியில் இன்னொரு பொதுக் குழு தேவை. டிஸ்கார்டில் வட்டாரத்துக்கு ஒரு ‘ரோல்’ கொடுத்து, அந்த ரோல் உள்ளவர்களுக்கு மட்டும் தெரியும் சேனல் திறக்கலாம்.

ஓடைகளை அளவுக்கு மீறித் திறப்பதும் ஆபத்து. ஒவ்வொரு ஓடையும் தன்னளவில் ஒரு சின்னப் பிரிவினைதான். மூன்று போதும்: பொது, பெரிய வட்டாரம், சின்ன வட்டாரம். வாரத்துக்கு ஐந்தாறு பேச்சுகூட நடக்காத ஓடையை மூடிவிடலாம்.

இதே கேள்வியை முன்பு சந்தித்தவர்கள்

1980-இல் தொடங்கிய யூஸ்நெட் என்ற உரையாடல் வலையமைப்பு, புதிய குழு தொடங்குவதைக் கண்டபடி விடவில்லை. அதன் முதன்மைக் கிளைகளில் ஒரு குழுவைத் தொடங்க வேண்டுமானால் முதலில் விவாதம், பிறகு வாக்கெடுப்பு. ஆதரவு வாக்குகள் எதிர் வாக்குகளைவிட 100 கூடுதலாகவும், மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்காகவும் இருக்க வேண்டும். தனி இடம் கேட்பவர்கள் தங்களிடம் நிலைநிற்கும் அளவுக்கு ஆட்கள் உண்டு என்று முதலில் காட்ட வேண்டியிருந்தது. இன்று திரையில் இரண்டு முறை தட்டினாலே குழு தொடங்கிவிட முடிவதால் நாம் தொலைத்தது அந்தச் சோதனையைத்தான்.

யூஸ்நெட்டில் இன்னொரு நல்ல ஏற்பாடும் இருந்தது. ஒரே செய்தியைப் பல குழுக்களில் ஒரே நேரத்தில் இடலாம். ஆனால் மறுமொழிகள் எல்லாக் குழுக்களுக்கும் சிதறினால் சண்டை மூளும் என்பதால், மறுமொழி எந்தக் குழுவுக்குப் போக வேண்டும் என்று குறிக்கத் தலைப்பில் ஒரு தனி வரி உண்டு. அறிவிப்பு எல்லா இடத்திலும், பேச்சு ஓரிடத்தில் என்ற இந்த முறை இன்றைக்கும் அப்படியே செல்லும்.

விக்கிப்பீடியாவில் மூன்று விதமான விடைகளையும் பார்க்கலாம். சீன மொழி விக்கிப்பீடியா ஒன்றுதான். சீனப் பெருநிலம், தைவான், ஹாங்காங், சிங்கப்பூர் வாசகர்களுக்கு எழுத்து வடிவமும் வட்டாரச் சொற்களும் வேறுபடுவதால், வாசகர் தேர்ந்தெடுக்கும் வடிவத்துக்குத் தானாக மாற்றிக் காட்டும் ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள். காப்பகம் ஒன்று, காட்சி பல. நார்வேயில் எழுத்துமொழி இரண்டு என்பதால் விக்கிப்பீடியாவும் இரண்டு. ஆனாலும் அவையும் ஸ்வீடிஷ், டேனிஷ் பதிப்புகளும் தங்களுக்குள் கூட்டுறவு வைத்து, ஒன்றின் சிறந்த கட்டுரைகளை மற்றொன்றின் வாசகருக்குச் சுட்டின.

மூன்றாவது விடை பால்கன் நாடுகளில் கிடைத்தது. ஒருவர் எழுதுவது மற்றவருக்குப் புரியும் நிலையிலும் செர்பியம், குரோவாசியம், போஸ்னியம், செர்போ-குரோவாசியம் என்று நான்கு தனி விக்கிப்பீடியாக்கள். குரோவாசியப் பதிப்பில் ஒரு சிறு நிர்வாகிக் குழு பல ஆண்டுகள் பிடியை வைத்துக்கொண்டு வரலாற்றுக் கட்டுரைகளைச் ஒருபக்கச் சாய்வாக்கியதாக, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2021-இல் வெளியிட்ட அறிக்கை விவரிக்கிறது. பிரிவு மட்டுமே அதற்குக் காரணம் அல்ல. ஆனால் குழு சிறுக்கும்போது ஒழுங்கு காப்பவர்களும் சிலராகிவிடுகிறார்கள், அந்தச் சிலரைத் தட்டிக்கேட்க ஆளில்லாமல் போகிறது. சேர்ப்பதா பிரிப்பதா என்ற பேச்சில் மட்டுறுத்தலைக் கடைசியாக வைப்பதே வழக்கமாக இருக்கிறது. அதை முதலில் வைக்க வேண்டும் என்போம்.

200 செய்திகளை எண்ணுங்கள்

முடிவெடுக்க ஊகம் வேண்டாம். குழுவின் கடைசி 200 செய்திகளை எடுத்து ஒரு தாளில் மூன்று பட்டியலாகப் பிரியுங்கள்: பெரிய வட்டாரத்துக்கு மட்டும், சின்ன வட்டாரத்துக்கு மட்டும், இருவருக்கும் பொது. ஒரு மாலையில் முடியும் வேலை. ஏதாவது விழாவோ பேரிடரோ நடந்த வாரமாக இருந்தால் அதை விட்டுவிட்டு வேறு வாரத்தின் செய்திகளை எடுங்கள்.

பொது என்பது பாதிக்கு மேல் இருந்தால் பிரிக்க வேண்டியதில்லை. கால்வாசிக்கும் கீழே இருந்தால் தனி ஓடையோ தனிக் குழுவோ நியாயம். நடுவில் இருந்தால் ஓடை மட்டும் பிரித்து மூன்று மாதம் பார்க்கலாம். இவை பட்டறிவு எல்லைகள்தான், கல்வெட்டு அல்ல.

இரண்டாவது எண்ணிக்கை இன்னும் முக்கியமானது, பலரும் செய்யாதது. கேள்விகளை மட்டும் எடுத்து, ஒரு வட்டாரத்தின் கேள்விக்கு மறு வட்டாரத்துக்காரர் எத்தனை முறை பயனுள்ள பதில் சொன்னார் என்று எண்ணுங்கள். சின்ன பக்கத்தின் கேள்விகளில் மூன்றில் ஒரு பங்குக்காவது பெரிய பக்கத்திலிருந்து பதில் வந்திருந்தால், முழுப் பிரிவு சின்ன பக்கத்தை முடக்கிவிடும். பதில் கிட்டத்தட்ட வந்ததே இல்லை என்றால், அவர்கள் ஒரே கூரையின் கீழ் ஏற்கெனவே இரண்டு குழுக்களாகத்தான் வாழ்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. இரண்டு வட்டாரங்களுக்கும் சட்டமோ விதிமுறையோ வேறாக இருந்தால், குறுக்கே வரும் பதில் நன்மைக்குப் பதில் தீமை செய்யும். அனுமதி, வரி, உரிமம் பற்றிய பதில் ஒரு பக்கத்தில் சரியாகவும் மறுபக்கத்தில் முற்றிலும் தவறாகவும் இருக்கும். இத்தகைய கேள்விகளின் முதல் சொல்லே வட்டாரத்தின் பெயராக இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள்.

பிரிப்பது என்று முடிவானால்

முதலில் ஒவ்வொரு செய்தியிலும் எந்த வட்டாரம் என்று காட்டும் குறிச்சொல்லை மட்டும் கட்டாயமாக்கி ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டுங்கள். தனிக் குழு தேவையா என்பது இதிலேயே பாதி தெரிந்துவிடும். பிறகு சின்ன பக்கத்திலிருந்து மூன்று அட்மின்களாவது கிடைக்கிறார்களா பாருங்கள். ஒருவர் போதாது, இருவர் முரண்பட்டால் முடிச்சு அவிழாது. மூவரும் நாளின் வெவ்வேறு நேரங்களில் இணையத்தில் இருப்பவர்களாக அமைந்தால் நல்லது. பழைய குழுவை மூடாதீர்கள், அழிக்காதீர்கள். அது பொதுக் கேள்விகளுக்கான இடமாகத் தொடரட்டும், பழைய பதில்களின் இணைப்புகள் உடையாமல் இருக்கட்டும்.

சண்டைக்குப் பிறகு பிரிவது வேறு கதை. அப்போது மக்கள் வட்டாரப்படி பிரிவதில்லை, கட்சிப்படி பிரிகிறார்கள். பெயரில் மட்டும் வட்டாரம் இருக்கும். சூடு ஆற இரண்டு மாதம் கொடுத்துவிட்டு 200 செய்திகளை எண்ணுங்கள்.

பிரிந்தபின் வழக்கமாகக் கெடுபவை இவை: ஒரே கேள்வி இரண்டு இடத்திலும் கேட்கப்பட்டு, இரண்டிலும் இருப்பவர் சலித்துப்போவார். ஓரிடத்தில் நீக்கப்பட்டவர் மறு இடத்தில் நுழைவார். அட்மின்களுக்கிடையே ஒரு தனித் தொடர்பு இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. எல்லையோரத்தில் வசிப்பவரும், ஓரிடத்தில் வீடும் மறு இடத்தில் வேலையுமாக இருப்பவரும் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்பார்கள். இவர்களைத் தேர்வு செய்யச் சொல்லாதீர்கள். இரண்டிலும் இருக்க வெளிப்படையாக அனுமதியுங்கள். இரண்டு குழுக்களுக்கும் இடையே செய்தி கடத்தும் பாலம் அவர்கள்தான்.

திரும்பச் சேர்வதற்கான நிபந்தனையையும் பிரியும் நாளிலேயே எழுதிவையுங்கள். உதாரணமாக, 12 வாரத்துக்குப் பின் புதிய குழுவில் பாதிக் கேள்விகளுக்கு இரண்டு நாளுக்குள் பதில் வராவிட்டால் மீண்டும் ஓடையாக மாறும் என்று. முன்பே எழுதியிருந்தால் அது தோல்வியாகத் தெரியாது, ஒப்பந்தமாகத் தெரியும்.

சேர்ப்பது என்று முடிவானால்

முதல் நாளே எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். ஒரு பொது ஓடையை மட்டும் திறந்து நான்கு வாரம் இருவரும் அதில் பழகட்டும். அதற்குள் இரண்டு குழுக்களின் விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, முரண்படும் இடங்களைக் குறியுங்கள். விற்பனைச் செய்தி போடலாமா, அரசியல் பேசலாமா, புதியவர் எப்படிச் சேர்க்கப்படுகிறார் என்ற மூன்றில்தான் பெரும்பாலும் முட்டும். அவற்றைச் சேர்வதற்கு முன்னால் தீர்த்துவிட வேண்டும்.

பெயரில் இரண்டு வட்டாரமும் இருக்கட்டும். அட்மின்களை உறுப்பினர் விகிதப்படி பிரிக்காதீர்கள். 600-க்கு நால்வர், 150-க்கு ஒருவர் என்று வைத்தால் அந்த ஒருவர் ஆறு மாதத்தில் சோர்ந்துவிடுவார். சம எண்ணிக்கை கொடுங்கள், சின்ன பக்கத்தின் இடம்சார் விஷயங்களில் அவர்கள் சொல்லே கடைசிச் சொல் என்று எழுதிவையுங்கள். பழைய சின்னக் குழுவின் சிறந்த பதில்களில் 20, 30-ஐத் தேர்ந்தெடுத்துப் புதிய இடத்தின் காப்பகத்தில் எழுதியவர் ஒப்புதலோடு பதியுங்கள். மற்றதை வாசிக்க மட்டும் திறந்துவைத்து, புதிய இடத்துக்கான இணைப்பை மேலே பொருத்துங்கள்.

மூன்று மாதம் கழித்து மொத்தப் பதில் விகிதத்தைப் பார்க்காதீர்கள், அதில் பெரிய வட்டாரத்தின் எண்ணே தெரியும். சின்ன வட்டாரத்தின் இடம்சார் கேள்விகளை மட்டும் தனியே எடுத்து, சேர்வதற்கு முன் வந்த பதில் விகிதத்தோடு ஒப்பிடுங்கள். அது இறங்கியிருந்தால் அவர்கள் அறிவிப்பை நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். அன்றே அவர்களுக்கான தனி ஓடையைத் திறந்து, அந்த 150 பேருக்கும் அதைத் தெரிவியுங்கள்.